மனைவியின் சம்மதம்

பிஷ்கெக்
3 மார்ச் 2007

சல்கினுக்கு,

நலமா? நூரைம், சமாரா நலமா? இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் நலம். நம் ஊர்த் தொலைபேசிக் கம்பியை அறுத்துச் செம்புக்கு விற்றவன் கை விளங்காமல் போகட்டும். அவன் புண்ணியத்தில் நாற்பத்தேழு வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி குனிந்து உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். ஷாம்ஷியின் வேனில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவனிடமே கொடு. ஒரு தட்டு போர்சோக் பொரித்துக் கொடுத்தால் பத்திரமாகக் கொண்டுவருவான்.

விஷயம் இதுதான். தம்பி துர்தாலி அந்த வீட்டை விற்கப் போகிறான். ரஷ்யாவில் சுர்குத்திலிருந்து போன வாரம் பேசினான். தன் சார்பில் விற்க எனக்கு அதிகாரப் பத்திரமும் அனுப்பிவிட்டான். ஆள்கூடத் தயார். உங்கள் ஊருக்கு மாற்றலாகி வரும் கால்நடை மருத்துவன், இளவயது, மனைவி பிள்ளைத்தாச்சி. பிரசவத்துக்கு முன்னால் குடிவர வேண்டுமென்று துடிக்கிறார்கள்.

நோட்டரி அம்மாள் என்னென்ன தாள் வேண்டுமென்று எழுதித் தந்தாள். அதை அப்படியே பார்த்து எழுதுகிறேன்.

ஒன்று, மனை யாருடையது என்று சொல்லும் சிவப்புப் புத்தகம். இரண்டு, அறை, தொழுவம், நிலவறை எல்லாம் அளந்து வரைந்த அளவுப் புத்தகம். மூன்று, வீட்டில் யார் யார் பதிவாகியிருக்கிறார்கள் என்ற குடியிருப்புப் பதிவேடு. நான்கு, அதையே உறுதிசெய்து ஊராட்சி தரும் சான்று. ஐந்து, விற்பவரின் மனைவி தரும் சம்மதம், நோட்டரி முத்திரையோடு. ஆறு, இந்த வீட்டில் வேறு யாருக்கும் உரிமையோ பாத்தியதையோ இல்லை என்று விற்பவர் கையெழுத்திடும் உறுதிமொழி.

முதல் மூன்றும் அம்மாவின் தகரப் பெட்டியில், அடியில் இருக்கும். எடுத்துத் துணியில் சுற்றிக் கொடுத்துவிடு. நான்காவதை ஊராட்சியில் போய் வாங்கு.

நீயும் பெண்களும் கொஞ்ச நாள் உன் அண்ணன் வீட்டில் இருங்கள். துர்தாலி பிறகு பார்த்து ஏற்பாடு செய்வான்.

ஜூராகான்


சாரி-தெரெக்
11 மார்ச்

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

சல்கின் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நலம். பதினோரு ஆடு குட்டி போட்டது, இரண்டு குட்டி தங்கவில்லை. பனி உருகி நிலவறையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். நானும் நூரைமும் வாளியால் இறைத்தோம். வறட்டி தீரப் போகிறது, ஆனால் ஏப்ரல் வரை ஓட்டிவிடலாம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிள்ளைகளின் அப்பா எனக்கு எழுதி ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது. வீட்டை விற்பதையாவது என்னிடம் சொல்லியிருக்கலாம். ஆட்டை விற்றால்கூட மேய்க்கிறவளிடம் ஒரு வார்த்தை சொல்வார்கள்.

முதலில் ரொம்ப அழுதேன், மறைக்காமல் சொல்கிறேன். பிறகு அந்த ஐந்தாவது தாளைப் பார்த்தேன். மனைவியின் சம்மதம். அக்கா, இந்த வீட்டுக்கு வந்து பதினேழு வருடம் ஆகப் போகிறது. கூரைக்குத் தார் பூசியது முதல் அத்தையைக் கடைசி மூன்று வருடம் தூக்கிக் கழுவியது வரை யாரும் என் சம்மதத்தைக் கேட்டதில்லை. அரசாங்கம் கேட்கிறது. நூரைமிடம் காட்டினேன். "அப்போ நீ ஒத்துக்கலைன்னா விக்க முடியாதாம்மா?" என்றாள். "எழுதியிருக்கே" என்றேன். அன்று ராத்திரி நாங்கள் மூவரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

அதனால் மரியாதையோடு சொல்கிறேன். நான் சம்மதிக்கவில்லை. அவர் நேரில் வரட்டும். பெண்களை எங்கே வைப்பது என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். சரியாகப் பட்டால் நானே நோட்டரியிடம் வந்து கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை புத்தகங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்.

முழங்காலுக்கு ஆட்டுக் கொழுப்பு அனுப்பியிருக்கிறேன். சுடவைத்துத் தேயுங்கள்.

சல்கின்


பிஷ்கெக்
19 மார்ச்

சல்கின்,

கொழுப்பு கிடைத்தது. ஆட்டுக் கொழுப்பைச் சொல்கிறேன். உன் கொழுப்பும் கடிதத்தில் வந்து சேர்ந்தது.

இத்தனை வருடம் வாயில் மாவு வைத்த மாதிரி இருந்தவள் இப்போது அரசாங்கத்தைத் துணைக்கு அழைக்கிறாய். வீடு துர்தாலி பேரில் இருக்கிறது. கடைக்குட்டிக்குத்தான் வீடு, அம்மாவே எழுதிவைத்துவிட்டுப் போனாள். அவன் விற்பான், வைத்திருப்பான், கொளுத்துவான். நாம் யார்?

ஐந்தாவது தாளைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம். நோட்டரி எழுதியதை நான் பார்த்து எழுதியது தப்பு. அது உன் வேலை இல்லை. நான் கேட்ட நான்கை மட்டும் அனுப்பு.

என் நிலைமையையும் கொஞ்சம் நினைத்துப் பார். இந்த அறையை மே மாதத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பகல் முழுக்க மருத்துவமனையில் அடுத்தவன் மூத்திரச் சட்டி தூக்குகிறேன், வந்து படுக்க ஓர் இடம் வேண்டும். விற்றதில் எனக்கும் ஓர் அறை பார்த்துத் தருவதாகத் துர்தாலி சொல்லியிருக்கிறான். நான் உன் எதிரி இல்லை. உனக்கு அண்ணன் வீடாவது இருக்கிறது.

நவ்ரூஸ் புத்தாண்டு வாழ்த்து. பெண்களுக்கு மிட்டாய் அனுப்பியிருக்கிறேன்.

ஜூராகான்


சாரி-தெரெக்
30 மார்ச்

அக்கா,

மிட்டாய்க்கு நன்றி. சமாரா தின்றாள். நூரைம் தொடவில்லை.

நான்காவது தாளை வாங்க ஊராட்சிக்குப் போனேன். உங்களுக்குக் கொடுக்க அல்ல, நானே பார்க்க. செயலர் அம்மாள் தடித்த பேரேட்டைப் புரட்டினாள்.

"இந்த வீட்டுல ரெண்டு பேருதான். ஒருத்தர் காலமாயிட்டாங்க, அடிச்சாச்சு. இன்னொருத்தர் உன் வீட்டுக்காரர்."

"நாங்க மூணு பேரு இருக்கோமே அம்மா."

"இருக்கீங்க, யாரு இல்லைங்கிறா? எதிர்வீட்டுலதானே நானும் இருக்கேன், தினம் உன் புகையைத்தான் முழுங்கறேன். தாள்ல இல்லையே. உன் பதிவு இன்னும் உங்க அப்பா ஊர்லதான் கிடக்கு. பிள்ளைங்க தாயோட பதிவுல."

"அவரு பிள்ளைங்கதானே?"

அவள் பெண்களின் பிறப்புச் சான்றைக் கொண்டுவரச் சொன்னாள். ஓடிப் போய் எடுத்து வந்தேன். தகப்பன் பெயர் என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். இரண்டிலும் ஒரு கோடு.

அந்தக் கோடு எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியாது அக்கா, நீங்கள் அப்போது பிஷ்கெக் போய்விட்டீர்கள். நூரைம் பிறந்து இருபது நாளில் அத்தை என்னை வட்டாரப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பினார். மேசையில் இருந்தவள் வெளியூர்க்காரி. "பிள்ளைக்கு அப்பா பேரு என்ன?" என்றாள். புருஷன் பேரையும் அவர் பக்கத்துப் பெரியவர்கள் பேரையும் மருமகள் வாயில் எடுக்கக் கூடாதென்று வந்த முதல் நாளே சொல்லி வைத்திருந்தார்கள். மாமனாரின் பேர் நதியின் பேர் என்பதால், நதியைக்கூட 'ஓடுறது' என்றுதான் சொல்வேன். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் மூன்று தடவை கேட்டாள். பின்னால் வரிசையில் ஆட்கள். "கல்யாணப் பத்திரமும் இல்லை, பேரும் இல்லை" என்று கோட்டைப் போட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து சொன்னேன். "நல்ல மருமகள்" என்று அத்தை அன்று நெற்றியில் முத்தம் கொடுத்தார். பிறகு திருத்திக்கலாம் என்றார். சமாராவுக்கும் அப்படித்தான் ஆனது.

அந்த முத்தத்துக்காக நான் பெருமைப்பட்டேன். இப்போது நினைத்தால் என் தலையிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒன்று கேட்கிறேன். ஐந்தாவது தாள் என் வேலை இல்லை என்று எழுதினீர்கள். அப்படியானால் அது யாருடைய வேலை?

சல்கின்


பிஷ்கெக்
7 ஏப்ரல்

சல்கின்,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

ஐந்தாவது தாள் என்னிடம் வந்துவிட்டது. சுர்குத் நோட்டரி முத்திரையோடு பிப்ரவரியிலேயே வந்தது. "என் கணவர் துர்தாலி வீட்டை விற்க எனக்கு முழு சம்மதம்" என்று ஃபரீதா என்ற பெண் கையெழுத்திட்டிருக்கிறாள். தாத்தார் இனத்துக்காரி. அவன் தங்கியிருந்த விடுதியில் சமையல் வேலை. மூன்று வருடத்துக்கு முன்னால் பதிவு செய்து கல்யாணம் ஆகியிருக்கிறது. ஒரு பையன் இருக்கிறான்.

கடிதத்தோடு இணைக்கவில்லை. நீ பார்க்க வேண்டாம்.

எனக்கு முன்னாலேயே தெரியுமா என்று கேட்பாய். தெரியும். அம்மா செத்ததற்கு அவன் வராதபோதே தெரியும். அப்போது அங்கே பிள்ளை பிறந்திருந்தது. நீ அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாய், நான் வாசலில் நின்று அதை உன்னிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் சொல்லாமலிருப்பது சுலபமாகிவிட்டது.

அவனைத் திட்டினேன். "முல்லா ஓதினதெல்லாம் கல்யாணம்னா ஊர்ல பாதிப் பேரு ஜெயில்ல இருக்கணும், விடு அக்கா" என்றான். என் தம்பி அப்படிச் சொல்வானென்று நினைக்கவில்லை.

திட்டுவதாக இருந்தால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

ஜூராகான்


சாரி-தெரெக்
24 ஏப்ரல்

ஜூராகான் அக்கா,

உங்கள் பேரை முதல் தடவையாக எழுதுகிறேன். துர்தாலி. அவன் பேரையும் எழுதிவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை.

இரண்டு வாரம் உருளைக்கிழங்கு நட்டேன். நூரைம் உங்கள் கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டாள். மறைத்து வைக்கிற வித்தை எனக்கு உங்கள் அளவுக்கு வராது.

அக்கா, 1990 அக்டோபர் உங்களுக்கு நினைவிருக்கிறதா? நான் பத்தாம் வகுப்பு. வேதியியல் பரீட்சை முடிந்து வந்துகொண்டிருந்தேன். உங்கள் தம்பியும் அவன் நண்பர்கள் இருவரும் என்னைக் காரில் தூக்கிப் போட்டார்கள். நான் அவனோடு அதற்கு முன் இரண்டு வார்த்தைகூடப் பேசினதில்லை. இந்த வீட்டில், மணப்பெண் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். தலையில் நின்றால் சம்மதம் என்று அர்த்தமாகும் அந்த முக்காட்டை மூன்று தடவை பிடுங்கி எறிந்தேன். நான்காவது தடவை அதைக் கட்டி முடிச்சுப் போட்டது நீங்கள். உங்கள் முழங்கால் என் மடியில் அழுந்தியிருந்தது, அப்போது அதற்கு வலி இல்லை. "எத்தனை நேரம் கத்துவே? நானும் இப்படித்தான் வந்தேன். மூணு நாள் அழுதேன், நாலாம் நாள் மாவு பிசைஞ்சேன்" என்றீர்கள். நான் இரண்டாம் நாளே பிசைந்தேன். அவ்வளவு பயம்.

பதினாறு வயது என்பதால் பதிவு செய்ய முடியாது, பதினெட்டு ஆகட்டும் என்றார்கள். பதினெட்டு ஆனபோது நூரைம் கைப்பிள்ளை, வேலை தலைக்கு மேல், யாருக்கும் நினைவில்லை. எனக்கு நினைவிருந்தது. கேட்க வெட்கமாக இருந்தது.

இதையெல்லாம் சண்டைக்காக எழுதவில்லை. செயலர் அம்மாள் ஒரு வழி சொன்னாள். துர்தாலியின் கூடப்பிறந்தவர், "இந்தப் பெண் 1990 முதல் இந்த வீட்டில் என் தம்பியின் மனைவியாக வாழ்கிறாள், இந்த இரண்டு பிள்ளைகளும் அவனுக்குப் பிறந்தவை" என்று எழுதி நோட்டரி முத்திரை வாங்கித் தந்தால், வட்டார நீதிமன்றம் தகப்பன் பெயரைப் போட உத்தரவிடுமாம். பிறகு பிள்ளைகளை இந்த வீட்டுப் பதிவேட்டில் ஏற்றலாம். வயது நிறையாத பிள்ளைகள் பதிவாகியிருக்கும் வீட்டை, அவர்களுக்கு வேறு இடம் காட்டாமல் யாரும் விற்க முடியாது.

அத்தை இல்லை. நண்பர்கள் இருவரும் செத்துப் போனார்கள், ஒருவன் குடியால், ஒருவன் ரஷ்யாவில். உங்களைத் தவிர சாட்சி இல்லை. நான் வீட்டைக் கேட்கவில்லை. என் பெண்களை அதிலிருந்து வெளியே தள்ள முடியாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் பொய் சொல்ல வேண்டியதில்லை. நடந்ததை எழுதுங்கள்.

சல்கின்


பிஷ்கெக்
3 மே

சல்கின்,

படித்தேன். நீ எழுதியது எல்லாம் உண்மை.

ஆனால் நான் 1990 என்று எழுதினால், உன் வயதைக் கணக்குப் பார்க்க நீதிபதிக்கு எத்தனை நேரமாகும்? எப்படி வந்தாள் என்று கேட்பார்கள். தூக்கி வந்தோம் என்று சொல்ல வேண்டும். முக்காடு கட்டியது யார் என்று கேட்பார்கள். அம்மா மண்ணுக்குள் இருக்கிறாள், அவள் பேரை நீதிமன்றத்தில் இழுக்க வேண்டும். துர்தாலி இந்த நாட்டில் கால் வைக்க முடியாது. அவன் என் முகத்தில் விழிக்க மாட்டான். அவனைத் தவிர எனக்குக் கூடப்பிறந்தவர் யாருமில்லை.

எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடு. யோசிக்கிறேன். மறுக்கவில்லை.

இதற்கு நடுவில் ஒன்று. வாங்குகிறவர்கள் ஒன்பதாம் தேதி வீட்டைப் பார்க்க வருகிறார்கள். துர்தாலி நேராக அவர்களோடு பேசிவிட்டான், நான் தடுக்க முடியவில்லை. வீட்டில் யாரோ இருக்கிறார்களாமே என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். வாடகைக்கு இருக்கிற பெண், காலி செய்துவிடுவாள் என்று அவன் சொல்லியிருக்கிறான். அதனால் கேட்டால் அப்படியே சொல்லிவிடு. ஒரு நாள் பேச்சுதானே. சண்டை போட்டு அவர்களை விரட்டினால், அவன் புத்தகங்களுக்கு நகல் வாங்கி, போலீஸோடு ஆளை அனுப்புவேன் என்கிறான். அவன் செய்வான்.

பெண்களை அன்று எங்காவது அனுப்பிவிடு.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜூராகான்


சாரி-தெரெக்
11 மே

ஜூராகான் அக்கா,

வந்தார்கள். நல்ல மனிதர்கள், அதுதான் கஷ்டம். அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம். கால் வீங்கியிருந்தது. தேநீர் ஊற்றினேன், வெண்ணெய் வைத்தேன். நெருப்பு வைத்து எரித்துவிடலாம் என்று காலையில் நினைத்த வீட்டை அவர்களுக்குச் சுற்றிக் காட்டினேன். வசந்தத்தில் நிலவறையில் தண்ணீர் வரும் என்று சொன்னேன். வடக்குச் சுவர் நிலநடுக்கத்தில் விரிசல் விட்டதை, அதில் தொங்கும் விரிப்பை விலக்கிக் காட்டினேன். விற்கிறவர்கள் இதையெல்லாம் மறைப்பார்களாம். மருத்துவன் சிரித்தான். "உங்களை மாதிரி வீட்டைக் கெடுத்துப் பேசறவங்களை நான் பார்த்ததே இல்லை" என்றான்.

பிறகு அந்தப் பெண் கேட்டாள். "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போனேன் என்று சத்தியமாக எனக்கே தெரியாது. பெண்களை அனுப்பச் சொன்னீர்கள், சமாராவை அனுப்பினேன், நூரைம் போகவில்லை. கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றவள் சொன்னாள்.

"நாங்க வாடகைக்கு இருக்கோம். மாசக் கடைசியில காலி பண்ணிடுவோம்."

குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. அந்தப் பெண், "ஐயோ பாவம், எங்களால உங்களுக்குத் தொந்தரவு" என்று நூரைமின் கன்னத்தைத் தடவினாள்.

அவர்கள் போன பிறகு அவளை அறைந்தேன். பிறந்ததிலிருந்து முதல் தடவை. "ஏண்டி சொன்னே?" என்று கேட்டேன். "நீ சொல்லியிருப்பே. நீ சொல்றதை என்னால கேக்க முடியாது" என்றாள். பிறகு அழுதாள். "நம்மளை வேணாம்னு சொல்ற வீட்டுல எதுக்கும்மா ஒட்டிக்கிட்டு இருக்கணும்? போலீஸ் வந்து சாமானை வெளிய எறியறதை ஊரே பாக்கணுமா?"

நேற்று நான் ஆட்டை ஓட்டிக்கொண்டு போயிருந்தபோது பெட்டியைத் திறந்து, மூன்று புத்தகத்தையும் எடுத்து ஷாம்ஷியிடம் கொடுத்துவிட்டாள். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவை உங்கள் கைக்கு வந்திருக்கும்.

அக்கா, அவளுக்குப் பதினைந்து வயது. கோபத்தில் செய்துவிட்டாள். அந்தப் புத்தகங்களை நோட்டரியிடம் கொடுத்துவிடாதீர்கள். நான் கேட்ட தாளை முதலில் எழுதுங்கள். இதுவரை உங்களிடம் எதையும் கெஞ்சியதில்லை, முக்காடு கட்டிய அன்று தவிர. இப்போது கெஞ்சுகிறேன்.

சல்கின்


பிஷ்கெக்
29 மே

சல்கின்,

வீடு விற்றாகிவிட்டது. பதினெட்டாம் தேதி.

எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள உனக்கு உரிமை இருக்கிறது. நீ கேட்ட தாளை நான் எட்டாம் தேதியே எழுதிவிட்டேன். நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். இரண்டு பக்கம். முக்காட்டைப் பற்றிக்கூட எழுதினேன். முத்திரை வைக்க மறுநாள் போகலாமென்று இருந்தேன். வெற்றி தினம், நோட்டரி விடுமுறை. அதற்கடுத்த நாள் ஷாம்ஷி வந்து கதவைத் தட்டி, துணியில் சுற்றிய புத்தகங்களைக் கையில் கொடுத்தான். நான் கேட்காமலே வந்துவிட்டது. சல்கினே விட்டுக்கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் கடிதம் நான்கு நாள் கழித்து வந்து, அப்படி இல்லை என்று தெரிந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டேன். எழுதிய இரண்டு பக்கத்தையும் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன்.

நான்காவது தாளைத் துர்தாலி ஆள் வைத்து ஊராட்சியில் வாங்கியிருந்தான். நோட்டரி ஆறாவது தாளைச் சத்தமாகப் படித்தாள். "இந்த வீட்டில் வேறு யாருக்கும் எந்த உரிமையும் இல்லை, யாரையும் மறைக்கவில்லை என்று உறுதி கூறுகிறேன்." படித்துவிட்டு, "சரிதானே?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளைத்தாச்சி குறுக்கே புகுந்து, "அங்க இருந்த அக்கா எங்க போவாங்க? நல்ல மனுஷி" என்றாள். "அவங்களுக்குச் சொந்த ஊர்ல வீடு இருக்கும்மா" என்றேன். கையெழுத்துப் போட்டேன். நோட்டரி ஒரு வார்த்தை அதட்டிக் கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன். யாரும் கேட்கவில்லை.

துர்தாலி எனக்கு அறை பார்த்துத் தரவில்லை. இதை உன்னிடம் அனுதாபத்துக்குச் சொல்லவில்லை. நீ சிரித்துக்கொள்ளத்தான் சொல்கிறேன். மருத்துவமனைத் துணி அறையில் ஒரு கட்டில் போட்டுக்கொண்டேன்.

அந்த இரண்டு பக்கத்துக்கும் நேற்று முத்திரை வாங்கிவிட்டேன். இதோடு இருக்கிறது. வீட்டுக்கு இனி உதவாது. பெண்களுக்குத் தகப்பன் பெயராவது கிடைக்கும். நீதிமன்றம் கூப்பிட்டால் வந்து சொல்வேன். இப்போது யாருக்கும் பயப்பட எனக்குக் காரணமில்லை.

எங்கே இருக்கிறீர்கள் என்று எழுது.

ஜூராகான்


22 ஆகஸ்ட்

ஜூராகான் அக்கா,

உங்கள் தாள் ஜூனிலேயே வந்தது. பதில் எழுதப் பிடிக்கவில்லை. இன்று எழுதுகிறேன், ஏனென்றால் இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை. நடந்தது என்னவென்று விளக்காமலே புரிந்துகொள்ளக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

அண்ணன் வீட்டில் பழைய ஆட்டுக் கொட்டகையைச் சுண்ணாம்படித்துக் கொடுத்தார்கள். அண்ணி கெட்டவள் இல்லை. அவளுக்கு ஆறு பிள்ளைகள், மூன்று பேர் கூடுதலாக வந்தால் யாருக்குத்தான் முகம் மாறாது? நூரைம் சோற்றுக்குப் பதிலாக வேலை செய்தாள். வைக்கோல் ஏற்ற, மாடு கறக்க, எல்லாவற்றுக்கும் அவள். தகப்பன் இல்லாத பெண், வீடில்லாத பெண் என்று அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போன சனிக்கிழமை வைக்கோல் வயலிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு ஊர் தள்ளி. பையனுக்கு இருபத்து மூன்று வயது, லாரி ஓட்டுகிறான். செய்தி எனக்கு ஞாயிறு மதியம்தான் தெரிந்தது. அண்ணனின் குதிரை வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடினேன். துணைக்கு வா என்று அண்ணனைக் கூப்பிட்டேன். "நல்ல குடும்பம்தான், விடேன்" என்றான். சமாராவை விட்டுவிட்டுப் போகப் பயமாக இருந்தது, அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டேன்.

வாசலிலேயே கும்பல். பையனின் அம்மா கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

"கோபப்படாதீங்க சம்பந்தி. உக்காருங்க, ஒரு வாய் தேநீர் குடிங்க."

"எனக்குத் தேநீர் வேண்டாம். என் பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

"அவ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி இருப்பா. வயசு நிறையட்டும், பதிவும் பண்ணிடுவோம்."

"இப்பவே பண்ண முடியுமா?"

"இப்ப எப்படிங்க முடியும்?"

"அப்ப நான் கூட்டிட்டுப் போறேன்."

அவள் கோபப்படவில்லை. "யாரு தடுக்கிறா? அவளையே கேளுங்க" என்று திரையை விலக்கினாள்.

நூரைம் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது, அழுது முடித்திருந்தாள். மணிக்கட்டில் கறுப்பாக விரல் பதிந்திருந்தது. நான் முக்காட்டை அவிழ்த்துக் கீழே போட்டேன். கும்பலில் யாரோ சபித்தார்கள், நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"எழுந்திரு. போலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். "எந்த வீட்டுக்கும்மா?"

"மாமா வீட்டுக்கு."

"மாமி இந்நேரம் என் படுக்கையைச் சுருட்டி வச்சிருப்பா."

"வேற எங்கயாவது போலாம். பிஷ்கெக் போலாம். உங்க அத்தை இருக்காங்க."

"அத்தையே துணி அறையிலதான் படுத்திருக்காங்க. நானும்தான் கடுதாசி படிச்சேன்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நிஜமாவே கேக்கிறேம்மா. ஒரு இடம் சொல்லு. நான் இப்பவே எழுந்து வரேன்."

அக்கா, நான் நின்றேன். அந்த வீட்டுப் பெண்கள் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையனின் அம்மாகூடக் காத்திருந்தாள். அடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும், கொட்டகையோ தெருவோ, எங்காவது. வீடு திரும்புகிற வழியெல்லாம் அதைத்தான் நினைத்தேன். ஆனால் அவள் ஓர் இடம் கேட்டாள், என்னிடம் சொல்ல இடம் இல்லை.

அவள் குனிந்து முக்காட்டைத் தானே எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

சமாரா வண்டியில் உட்கார்ந்திருந்தாள். அக்கா வரலையா என்று கேட்டாள். வரலை என்றேன். இருட்டுவதற்குள் அண்ணனுக்குக் குதிரை வேண்டும் என்பதால் உடனே கிளம்பிவிட்டோம்.

சல்கின்